வலப்பக்கக் கண்ணாடி

"ஏறி உட்காரும்மா. பிரேக்கைக் கெட்டியா பிடிச்சுக்க, பின்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்திடறேன்" என்றார் மெக்கானிக்.

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஷெட்டுக்கு வெளியே நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஸ்கூட்டரை வாங்க வருகிறவருக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏறி உட்கார்ந்தாள்.

பதினேழு வயதில் அவள் ஸ்கூட்டரின் முன்சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்த அன்று காலையில் பல் தேய்த்தது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்தது ஆஸ்பத்திரியின் மின்விசிறி. நடுவில் ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை.

அந்த நடுவை நிரப்பியவள் அம்மா. வண்டி வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, குச்சி ஓட்டினாள், நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய், வளைவில் கண்மண் தெரியாமல் திருப்பி, நின்றுகொண்டிருந்த லாரியில் கொண்டுபோய் இடித்துவிட்டாள்.

குச்சி என்றால் ஒட்டடைக்குச்சி. அவளுடைய உயிர்த்தோழி. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்தவள், வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். இவளுக்கு வைத்த பெயர் அரைப்படி. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால், பத்தாம் நம்பர் நடந்து வருகிறது என்று வகுப்பே சிரிக்கும்.

அம்மா சொல்லிச் சொல்லி, அது அவளுடைய ஞாபகமாகவே ஆகிவிட்டிருந்தது. குச்சியின் பின்னல் காற்றில் பறந்து தன் கன்னத்தில் அடித்ததுகூட அவளுக்குத் தெரிந்தது.

வலப்பக்கக் கண்ணாடியில் தற்செயலாகக் கண் பட்டது. பின்னால் இருந்த தெரு முழுசாகத் தெரிந்தது. தண்ணீர் லாரி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர், முனையில் இருந்த மரம், அதன் உச்சி வரை.

"கண்ணாடியை எனக்குன்னே வச்ச மாதிரி இருக்கே" என்றாள், பேச்சுக்கு.

மெக்கானிக் குனிந்தபடியே சொன்னார். "அதை யார் வச்சா? வண்டி இடப்பக்கமா விழுந்திருக்கு, இந்தப் பக்கம் ஒரு கீறல் இல்ல. அசைச்சுப் பார்த்தேன், அசையல. மாசக்கணக்கா மழையில நின்னு இறுகிப்போச்சு. விழுந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

சிரிக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

பிரேக்கை விடாமல், சீட்டிலிருந்து மெல்ல எழும்பினாள். குச்சியின் தலை எங்கே வருமோ அந்த உயரத்துக்கு.

கண்ணாடியில் தெரு போய்விட்டது. வெறும் தரை. எண்ணெய்க் கறை.

உட்கார்ந்தாள். தெரு வந்தது. மறுபடி எழும்பினாள். தரை.

"ஆடாம உட்காரும்மா."

உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிப் பார்த்தாள். எதுவும் ஞாபகம் வரவில்லை. லாரி வரவில்லை, வளைவு வரவில்லை. பின்னலின் அடிகூட இப்போது கன்னத்தில் இல்லை.

அம்மா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். மகள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்ததும் ஓடி வந்தாள்.

"இறங்குடி! மறுபடியும் அங்கேயா உட்கார்ற?"

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. முகம் வெளிறிவிட்டது.

"மறுபடியுமா? அப்ப ஓட்டினது நான்தானாம்மா?"

அம்மா மெக்கானிக்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு லைசென்ஸ் இல்ல, அவளுக்கு இருந்துச்சு. போலீஸ்கிட்ட அவளாத்தான் சொன்னா. நான் சொல்லச் சொல்லல."

"அவ வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தினியே!"

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

அன்றைக்குத் தெருவே வெளியே வந்து அந்தக் கத்தலைக் கேட்டது. அதற்குப் பிறகு யாரும் தங்கள் பெண்களைக் குச்சியோடு அனுப்பவில்லை. கைப்பந்து அணியில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் இருந்திருந்தாலும், முழங்காலுக்குள் தகடு வைத்தவள் என்ன ஆடியிருக்கப் போகிறாள்?

அரைப்படி கையை உதறிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அம்மா கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

குச்சியின் வீடு மூன்று தெரு தள்ளி. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். மன்னிச்சுக்கோ என்று ஆரம்பிக்கலாமா? உண்மையைச் சொல்லிவிடலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாமா?

வாசலில் வந்து அழைப்பு மணியில் விரலை வைத்தாள். அழுத்த முடியவில்லை.

போன வாரம் அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் குச்சி வந்திருந்தாள். தலையில் எவ்வளவோ அழிந்துபோனவளுக்கு, அது மட்டும் ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது.

காலை இழுத்து இழுத்து மாடியேறி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு அடங்குவதற்கு முன்பே குச்சி கேட்டாள். "உனக்கு ஏதாவது ஞாபகம் வந்துச்சா?"

"ஒண்ணுமே வரலடி."

குச்சி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாவமாக இருந்தது. அரைப்படி பெரிய மனசு பண்ணி, அம்மாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று தெரிந்தும், அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"கவலைப்படாத. நான் உன்னை மன்னிச்சுட்டேன்."

குச்சி கதவருகில் நின்று திரும்பினாள்.

"தேங்க்ஸ்டி" என்றாள்.