மாதம் பத்து நிமிடம்

நானும் மனைவியும் சிறிய பாய்மரப் படகில் கடல் சுற்றக் கிளம்பியபோது, சாட்டிலைட் போனுக்கு மாதம் பத்து நிமிடம் என்று செலவுத் திட்டம் போட்டவன் நான்தான். இந்த மாதம் எட்டு நிமிடத்தை, எந்தத் துறைமுகத்தில் படகு நிறுத்த வாடகை குறைவு என்று விசாரித்தே தீர்த்துவிட்டேன். இன்று மகள் ரோஸலின், "உடனே கூப்பிடுங்கப்பா" என்று செய்தி அனுப்பியிருந்தாள். கூப்பிட்டேன். எடுத்ததும் அழுதாள். என்னவென்று கேட்டும் அழுகை நிற்கவில்லை.

"அழுறத நிறுத்திட்டு விஷயத்தச் சொல்லும்மா, நிமிஷம் ஓடுது!" என்று கத்திவிட்டேன்.

"சரிப்பா," என்று வைத்துவிட்டாள்.

கரை சேர இன்னும் பதினோரு நாள். காற்றும் இல்லை, பாய் துவண்டு தொங்குகிறது. மனைவி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ரிங் போகிறது, ரோஸலின் எடுக்கவில்லை. மிச்சமிருந்த ஐம்பது விநாடி அப்படியே இருக்கிறது.