சவுரிக்கு வந்த பயம்

தகர டப்பாவுக்குள் சுருண்டு கிடந்த சவுரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. திலகவதி இளவயதில் தலைவாரும்போது உதிர்ந்த முடியை எல்லாம் சேர்த்துவைத்துக் கட்டிய சவுரி அது. கல்யாணம், காதுகுத்து என்றால் அவளுடைய பின்னலில் ஏறி, அதை நீளமாகக் காட்டும். இப்போது அவளோ தலைக்குச் சாயம் பூசுவதையே அடியோடு விட்டுவிட்டாள். நரைத்த கூந்தலுக்குப் பொறுமையாக எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இடுப்புவரை வளர்த்துவிட்டாள்.

“இந்த மாசமாவது உன்னைத் தொட்டாளா?” என்று பக்கத்தில் கிடந்த சாய பிரஷ்ஷிடம் சவுரி கேட்டது.

“எங்கே! காய்ஞ்சு விறைச்சுப் போயிக் கிடக்கேன்.”

“அப்ப என் கதி? அந்த வெள்ளைப் பின்னலோட நான் எப்படிச் சேருவேன்? குப்பையில போட்டுட்டான்னா?”

ஒரு கல்யாணத்தன்று டப்பா திறந்தது. திலகவதி சவுரியை எடுத்துத் தன் பின்னலோடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“அக்கா, என்னையும் சேர்த்துக்கோயேன்,” என்று சவுரி பின்னலிடம் கெஞ்சியது. “நானும் இதே தலையில முளைச்சவதான். பாரு, எனக்கு ஒரு நரைகூட இல்ல!”

திலகவதி சவுரியைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு மல்லிகைச் சரத்தை எடுத்தாள். பூவுக்குத் தலையைக் கொடுத்தபடியே பின்னல் திரும்பிப் பார்த்தது.

“யாருக்கு யாருடி அக்கா? எனக்கு முன்னாடி முளைச்சவ நீ. நரைக்கணும்னா தலையில இருந்திருக்கணும்.”