கடல் தெரியாத அறை

"கடல் தெரியற ரூம் வேண்டாம். பின்பக்கம், முள்ளுக்காட்டப் பார்த்த மாதிரி இருந்தா குடும்மா" என்றாள் ஒடிலியா.

விடுதிக்காரி யெசேனியா நிமிர்ந்து பார்த்தாள். ஈஸ்டர் விடுமுறையில் கடல் பார்த்த ஜன்னலுக்கு ஆட்கள் சண்டை போடுவார்கள். இங்கே ஐந்து பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், ஓலைத் தொப்பியோடு வந்து நின்று காட்டைக் கேட்கிறார்கள்.

"பின்பக்கம் ஒண்ணும் இல்லம்மா. முன்பக்கமே எடுத்துக்குங்க, அதே வாடகைதான்."

ஒடிலியா அசையவில்லை. அன்றைக்கு அது மூன்றாவது விடுதி. முதல் இடத்தில் சாமான்களைப் பார்த்ததுமே அறை இல்லை என்றுவிட்டார்கள். இரண்டாவதில் சாவி கொடுத்தவர், ஒரு போன் வந்த பிறகு பைகளைத் தூக்கித் தெருவில் வைத்தார். அதனால் இந்த முறை யார் கேட்டாலும் கடலில் குளிக்க வந்ததாகச் சொல்லச் சொல்லி, மற்ற நால்வரையும் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

யெசேனியா ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, அவர்கள் காலடியில் சாக்கில் சுற்றிக் கிடந்த நீள மூட்டையைப் பிரித்தாள். மண்வெட்டிகள் இரண்டு, முனை கூரான இரும்புக் கம்பி ஒன்று.

அவள் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போதைமருந்துக் கும்பல்கள் ஆளும் இந்த சினலோவாக் கரையில் யார் யாருக்கு வேண்டியவர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

"யார் அனுப்பினா உங்கள?"

இனி மறைத்துப் பயனில்லை. ஒடிலியா தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யாரும் அனுப்பவில்லை. ஐந்து பேருக்கும் பிள்ளைகளைக் காணோம். அவளுடைய மகன் இசாயாஸ் வேலைக்கென்று இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. காவல் நிலையப் படியேறி அலுத்துப்போய், அம்மாக்களே கம்பியை மண்ணில் இறக்கித் தேடுகிறார்கள். செய்தது யார் என்று கேட்க மாட்டார்கள். எலும்பு கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், அவ்வளவுதான்.

யெசேனியா சுவரைப் பார்த்தாள். அங்கே ஓர் இளைஞனின் படம். அதன் முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

ஒடிலியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படிப் படங்களை அவள் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறாள். கிட்டே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தம்பியா? நீயும் எங்களோட வா கண்ணு. இவனையும் சேர்த்துத் தேடுவோம்."

யெசேனியா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"சாகறப்போ எங்கிட்ட இடத்தச் சொல்லிட்டுப் போனான்மா. இவன் காணாமப் போனவன் இல்ல. ஆளுங்களப் புதைச்சவன்."