அடுத்தவர் சட்டை

“பழைய லேபிளைப் பிரிச்சுட்டு நம்ம லேபிளை வச்சுத் தைக்கணும். அவ்வளவுதான்க்கா வேலை” என்றார் சூப்பர்வைசர்.

காலர் தைத்துத் தைத்தே ‘காலர் அக்கா’ என்று பெயர் வாங்கியவள், கத்தரியைத் தொடவில்லை. மலைபோல் குவிந்து கிடந்த சட்டைகளைப் பார்த்தாள். எல்லாக் கழுத்திலும் வேறொரு பெரிய நாட்டின் பெயர்.

“அவங்க தைச்ச சட்டைக்கு நம்ம நாட்டுப் பேரா?”

“ரெண்டு பெரிய நாடும் மாறி மாறி வரி போட்டு மல்லுக்கட்டுதுல்ல? அந்த நாட்டுச் சட்டைன்னா எதிர் நாட்டுக்காரங்க வாங்க மாட்டாங்க. நம்ம சட்டைன்னா வாங்குவாங்க. கிடங்குல தேங்கின சரக்கு, இங்க வந்திருக்கு.”

“போன வருஷம் நம்மகிட்ட சட்டை வாங்கின வெளிநாட்டு வியாபாரி, லேபிளே வேண்டாம், வெறும் கழுத்தா அனுப்புங்கன்னான். இப்போ நம்ம பேருக்கு வந்த மவுசைப் பாரேன்!”

“மவுசு இருக்கும்போதே பொழைச்சுக்கணும்க்கா.”

“அதுக்காக? யாரோ பெத்த பிள்ளைக்கு நம்ம இனிஷியலைப் போடச் சொல்றியே தம்பி.”

சூப்பர்வைசரின் குரல் இறங்கியது. “ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க. நமக்கு எங்க கொண்டாட்டம்? முக்கால்வாசி மெஷின் உறை போர்த்தித் தூங்குது. இந்த வேலையும் போனா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். மாமாவும் வேலை இல்லாம வீட்லதானே இருக்காரு?”

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். “பட்டினி கிடந்தாலும் கிடப்பேன். பொய்க்குத் தையல் போட மாட்டேன்.”

“உங்க பிடிவாதம் தெரிஞ்சதுதானே! எல்லாரும் காலரை வலது முனையில முடிச்சா, நீங்க மட்டும் இடதுகைக்காரின்னு இடது முனையில முடிப்பீங்க. எத்தனை திட்டியிருப்பேன்!”

“என் கை அப்படித்தான் ஓடும். இங்க வேற யாருக்காவது ஓடுமா, சொல்லு!”

“சரி தாயே. அவங்க தையல் எப்படின்னாவது பார்த்துட்டுப் போங்க.”

தொழில்காரியின் ஆசை, விடுமா? ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தைத் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதில் கை நின்றது.

பையைக் கீழே வைத்தாள்.

“நம்ம லேபிளைக் கொண்டா தம்பி.”

“என்னக்கா, அதுக்குள்ள மனசு மாறிடுச்சு?”

அவள் சட்டையை நீட்டினாள். அந்நிய லேபிளுக்கு அடியில், காலர் தையல் இடது முனையில் முடிந்திருந்தது.