இருக்கிறபடியே மாட்டுங்க

"இது உங்க வண்டிக்கு எதுக்கு சார்? பூனைக்குப் புலிப்பல் கட்டிவிடற மாதிரி இருக்கு!"

சாக்கைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் சிரித்தார். உள்ளே அகலமான இரண்டு பிரேக் டிஸ்க்குகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற சிவப்பு பெயின்ட் அடித்த காலிபர்கள், ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர். எல்லாம் ஸ்போர்ட்ஸ் மாடலில் இருந்து கழற்றியவை. பட்டறை வாசலில் நின்ற காரும் அதே கம்பெனி, அதே உருவம்தான். ஆனால் சாதா மாடல், வயதான வண்டி.

"மாட்ட முடியுமா, முடியாதா?" என்றார் வந்தவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இந்தப் பட்டறைக்கு இன்றுதான் முதல் முறையாக வருகிறார்.

"முடியும். ஆனா இந்த காலிபர் உங்க சின்ன வீலுக்குள்ள அடங்காதே?"

"அந்த வண்டியோட வீலும் டிக்கில இருக்கு."

"அடேயப்பா, முழுசா இறங்கிட்டீங்க! உங்களைப் பார்த்தா வண்டியை நாற்பதுக்கு மேல ஓட்டற ஆள் மாதிரியே தெரியலையே சார்."

அவர் சிரிக்கவில்லை. தரையில் காய்ந்திருந்த ஆயில் கறையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல அவளுக்குத் தூக்கமே இல்லப்பா. இந்த பிரேக் பிடிக்குமா பிடிக்காதான்னு நான் போய்ச் சொல்லணும். அதுவரைக்கும் ஒரு வாய் சாப்பிட மாட்டா."

"அம்மாவுக்கு அவ்வளவு பயமா? கவலைப்படாதீங்க. புது பேட் போட்டு, டிஸ்க்கைத் தேய்ச்சு, ஜம்முனு பண்ணிடலாம்."

"வேணாம்!"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். அந்தக் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எதையும் மாத்தாதீங்க. தேய்க்காதீங்க. இருக்கிறபடியே மாட்டுங்க. பிரேக் ஆயில் மட்டும் புதுசா ஊத்துனா போதும்."

"லேசா துரு இருக்கு சார். ரொம்ப நாள் சும்மா கிடந்திருக்கு போல. எந்த ஸ்கிராப் கடையில எடுத்தீங்க?"

அவர் காலிச் சாக்கை மடிக்க ஆரம்பித்தார். 'சரிதான், விசித்திரமான கிராக்கி' என்று மெக்கானிக் ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் எல்லாவற்றையும் பூட்டியாகிவிட்டது. குழாயில் இருக்கும் காற்றை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அவரே ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்க... பிடிங்க... விடுங்க. மறுபடி மிதிங்க."

மிதித்தார். விட்டார். மிதித்தார். போதும் என்று மெக்கானிக் சொன்ன பிறகும் அந்தக் கால் பெடலை விட்டு எழவில்லை.

"சார், இறங்கலாம்!"

பட்டறைக்குப் பின்னால் கிடங்குகளின் ஓரமாக ஆளரவமற்ற நேர்சாலை ஒன்று இருந்தது. மெக்கானிக் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி, பிரேக்கை மிதித்து மிதித்துத் துருவைப் போக்கினார். பிறகு பக்கத்தில் அவரை ஏற்றிக்கொண்டார்.

"நாற்பதுல பார்த்துடலாமா?"

"எண்பது."

"எண்பதா?"

"எண்பதுல போய் மிதிங்க."

முள் எண்பதைத் தொட்டதும் மெக்கானிக் மிதித்தார். சீட் பெல்ட் நெஞ்சை அழுத்த, வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது.

"பார்த்தீங்களா!" மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "சும்மாவா, ஸ்போர்ட்ஸ் மாடல்!"

"மறுபடி."

மறுபடியும் நின்றது.

"பெடல் உள்ள இறங்குதா?"

"இல்லையே."

"ஒரு பக்கமா இழுக்குதா? சரியா யோசிச்சுச் சொல்லுங்க."

"கோடு போட்ட மாதிரி நிக்குது சார். எல்லாரும் குறை இருக்கக் கூடாதுன்னு கேப்பாங்க. நீங்க என்னடான்னா குறையைத் தேடறீங்க!"

"நகருங்க. நான் ஓட்டறேன்."

மூன்றாவது முறை அவர் ஓட்டினார். எண்பது வந்தது. உடனே மிதிக்கவில்லை. சாலையின் கடைசியில் இருந்த மதில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"சார்... சார், மிதிங்க!"

மிதித்தார். மதிலுக்கு வெகு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது.

இன்ஜினை அணைத்தார். சூடான இரும்பின் வாசனை மட்டும் உள்ளே வந்தது. மெக்கானிக்தான் முதலில் மூச்சு விட்டார்.

"உயிரே போயிடுச்சு சார். ஆனா ஒண்ணு. நானும் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு பிரேக்கைப் பார்த்ததில்லை. பயத்துல கால் பட்டாலே போதும், நின்னுடும். மிதிக்காம விட்டாத்தான் நிக்காது!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் மதிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பதினைந்து நிமிடங்களில் பத்து வருடம் வயதாகிவிட்டவர் போல் இருந்தார்.

"என்ன சார், சந்தோஷம்தானே? வீட்டுக்குச் சொல்லிடுங்க. அம்மா நிம்மதியாச் சாப்பிடட்டும்."

"சொல்லணும்" என்றார் அவர்.

மெக்கானிக் இறங்கி முன்சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தார். வண்டிக்குள் இருந்தவர் செல்போனை எடுத்தார். முதல் மணி முழுதாக அடிக்கும் முன்பே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"பிடிக்கலம்மா... மூணு தடவை பார்த்துட்டோம், அவன் வண்டி பிரேக் பிடிக்கவே இல்ல. நம்ம பிள்ளை அன்னைக்கு மிதிச்சுத்தான் இருக்கான்... அவன் வேணும்னு போய் மோதலம்மா."