ஒரு கை வித்தியாசம்

வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைத் தெரிவில் உதுமாலெவ்வை ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தோற்றுப்போனார். அந்தக் கை தன் புருசனுடையது என்று கேள்விப்பட்டதும் தங்கச்சி சீனத்தும்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

புருசன் ஆதம்பாவா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

“என்ட கூடப்பொறந்த காக்காவ உட்டுட்டு மீராமுகைதீனுக்குக் கை தூக்கினீங்களாமே?”

“உன்ட காக்காவுக்குத்தான், புள்ள, தூக்கத் தொடங்கின. கை மெல்ல மெல்ல ஏறி மேல போய்ச் சேரக்குள்ள அடுத்த பேரக் கூப்பிட்டுட்டாங்க.”

“மத்தக் கையத் தூக்கியிருக்கலாமே!”

“இடக்கையாலயா உன்ட காக்காவத் தெரிவு செய்யிற?”

“அப்ப உடன இறக்கியிருக்கலாமே!”

“மேல நிக்கிறதப் பார்த்த சந்தோசத்தில மறந்துட்டன்.”

ஏச வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கழுத்தில் ஒப்பரேசன் செய்த நாளிலிருந்து அவருடைய அந்த வலக்கை தோளுக்கு மேல் போனதில்லை. நாலு மாதமாக விரல்களைச் சுவரில் ஏறவிட்டுப் பயிற்சி செய்தும், சுவரை விட்டால் பொத்தென்று விழும்.

“மேல எண்டா... எவ்வளவு மேல?”

ஆதம்பாவா தூக்கினார். கை காதைத் தாண்டி, தொப்பியையும் தாண்டி நின்றது.

“அல்ஹம்துலில்லாஹ்!” கண்ணைத் துடைத்துக்கொண்டாள் சீனத்தும்மா. “காக்கா கிடக்கட்டும். இன்னொருக்காத் தூக்குங்க!”