அம்மா வெளியே இருக்கட்டும்

"வயித்து வலி டாக்டர், ஒரு மாசமா. காலையில அஞ்சரைக்கு ஆரம்பிக்கும், எட்டு மணிக்கு நின்னுடும்," என்றார் அம்மா.

"நான் இவகிட்ட கேட்டேன், மேடம்," என்றான் பயிற்சி டாக்டர், எதிரே சுருண்டு உட்கார்ந்திருந்த பதினைந்து வயதுப் பெண்ணைக் காட்டி.

"அவகிட்ட கேட்டா 'ம்'னு சொல்லுவா. நான் சொல்றேன், எழுதிக்குங்க. ஸ்கேன் ரெண்டு தடவை எடுத்தாச்சு. ரத்தம் மூணு தடவை பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல."

"ம்," என்றாள் பெண்.

வளரிளம் பருவத்தினருக்கான அந்த மருத்துவப் பிரிவில் அவனுடைய பயிற்சி இந்த வாரத்தோடு முடிகிறது. பயிற்சி நோட்டில் எல்லா வரிக்கும் கையெழுத்து வாங்கிவிட்டான், ஒன்றைத் தவிர: 'பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார்.' அது காலியாகவே கிடந்தால் இன்னும் ஆறு மாதம் இங்கேயே குப்பை கொட்ட வேண்டும்.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை ஓர் அப்பாவை வெளியே அனுப்பப் போய், அவர் முறைத்த முறைப்பில், "சரி சார், நீங்க பேசிட்டிருங்க" என்று தானே வெளியே போய் நின்றவன் அவன். நர்ஸக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள். இன்று காலையிலும் எச்சரித்தாள்: "பெரிய டாக்டரம்மா லீவுன்னு அசந்துடாதீங்க. அவங்க காதுக்குப் போகாத விஷயம் இந்தக் கட்டடத்துல கிடையாது."

அவன் பேனாவை மூடி வைத்தான். "மேடம், ஒரு பத்து நிமிஷம் வெளில இருக்கணும்."

"யாரு?"

"நீங்கதான்."

"நானா?" நாற்காலி கிறீச்சிட்டது. "நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். கால் பழக்க தோஷத்தில் வெளியே போகப் பார்த்தது. நல்லவேளை, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"தெரியும் மேடம். நீங்க இவளோட அம்மா. அதனாலதான் சொல்றேன்."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விருட்டென்று வெளியேறினார். "இப்படி உட்காருங்க மேடம்," என்று நர்ஸக்கா நாற்காலி போட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கதவு மூடியதும் பெண் முதல் தடவையாக நிமிர்ந்தாள். "அடேங்கப்பா! எங்கம்மாவை வெளில அனுப்பின முதல் ஆள் நீங்கதான்."

"வயிறு எப்படி இருக்கு?"

"வயித்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஓட்டப்பந்தய டீம்லேர்ந்து என்னைத் தூக்கிட்டாங்க. அம்மா பாக்குறவங்ககிட்ட எல்லாம் 'என் பொண்ணு டீம்ல இருக்கா'ன்னு பெருமையடிச்சு வெச்சிருக்காங்க. தினமும் ஆறு மணிக்கு மைதானத்துல கொண்டுபோய் விடுறேன்னு நிக்கிறாங்க. நான் எங்கே போய் ஓடுறது?"

"அம்மாகிட்ட சொல்லிடலாமே?"

"ஊர்ப் பிள்ளைங்ககிட்ட எல்லாம் 'மனசுல இருக்கிறதைச் சொல்லு கண்ணு'ன்னு கொஞ்சுவாங்க. நான் வாயைத் திறந்தா 'பல் தேய்ச்சியா'ம்பாங்க." சிரித்துக்கொண்டே சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பின் நிழல் தெரிந்தது.

"மேடம், நாற்காலி அந்தப் பக்கம் இருக்கு," என்று அவன் குரல் கொடுத்தான். நிழல் நகர்ந்தது.

"நீங்க சொல்லாதீங்க. நானே சொல்றேன்," என்றாள் பெண். "பக்கத்துல மட்டும் இருங்க."

பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்ததும் வராததுமாக அந்த அம்மா கேட்டார், "என்ன சொன்னா?"

"அதை அவதான் சொல்லணும், மேடம்."

"என்கிட்டகூடச் சொல்ல மாட்டீங்க?"

"மாட்டேன்."

இன்றோடு தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். அதற்குள் பெண் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்த அம்மா மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டீம் கிடக்குது கழுதை. இதைச் சொல்ல ஒரு மாசமாடி? நான் என்ன பூதமா?"

"ம்," என்றாள் மகள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

வாசல் வரை போன அம்மா திரும்பி வந்து அவன் முன்னால் கையை நீட்டினார். "எங்கே அந்த நோட்டு?"

எடுத்துக் கொடுத்தான். காலியாகக் கிடந்த அந்த வரிக்கு எதிரே, 'துறைத் தலைவர்' என்று அச்சடித்திருந்த இடத்தில், லீவிலிருந்த பெரிய டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.